கதவோரத் தடி

பலாபத்வல,
ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, விஜிதா வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் நலம். கையில் மட்டும் சின்னக் காயம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

எண்பத்துமூன்று கலவரத்தில் சிங்களக் கும்பல் நம் தோட்டத்து லய வீடுகளை எரித்தபோது, மாதா கோயிலில் ஒளிந்த வயதானவர்களுக்காகத் தொடங்கியதுதான் நான் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லம். அன்று தன் தாயைச் சுமந்து வந்த செபமாலையம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. அன்று கதவுக்குக் குறுக்கே போட்ட தடியை இன்றும் அவர் கதவோரத்திலிருந்து எடுக்க விடுவதில்லை.

நேற்று கிரிக்கெட்டில் வென்றதற்கு வீதியில் பட்டாசு வெடித்தார்கள். நான் வாசலில் பாண் ரொட்டி விற்பவரிடம் சிங்களத்தில் பேசிவிட்டு உள்ளே வந்தேன். செபமாலையம்மா தடியால் அடித்தார். தோளில், கையில், விழுந்த பிறகு முதுகிலும் அடித்தார். "ஐயோ, அம்மா!" என்று அலறினேன். தடி நின்றது.

"நம்ம புள்ளையா? சத்தம் போடாத, வந்துட்டாங்க!"

என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளி, வாயைப் பொத்தி, இறுகக் கட்டிக்கொண்டு படுத்தார். பட்டாசு ஓயும்வரை விடவில்லை.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் முழுக்கைச் சட்டை ஒன்று கொடுத்துவிடுங்கள். போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலையும் வேண்டும்.

மணி அடிக்கிறது, கஞ்சி கொடுக்கப் போகிறேன். இல்லத்தை நடத்தும் சிஸ்டர் அந்தத் தடியை எடுக்க வந்தார், நான்தான் தடுத்தேன். இங்கு வந்த எட்டு மாதத்தில் என்னை ஒருவர் கட்டிப்பிடித்தது நேற்றுத்தான், அம்மா.

விஜிதா