அறுபத்து நான்காவது பதிவு

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

தொரப்பள்ளிப் பாறைகளில் பாசி தேடினோம். மொத்தம் ஒன்பது பேர். தாவரவியல் படித்தவர் மணிமேகலை மேடம் ஒருவர்தான், கிருஷ்ணகிரியில் கல்லூரிப் பேராசிரியர். மாவட்டத்தில் என்னென்ன பாசி, என்னென்ன காளான் இருக்கிறது என்று கணக்கெடுக்க எங்களைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். காய்ந்து கருகிக் கிடந்த பாசியின் மேல் மேடம் தண்ணீர் தெளித்தார். ஒரு நிமிடத்தில் இலை இலையாக விரிந்தது. லென்ஸை என் கையில் கொடுத்து, "மாதேஸ்வரன், உங்களுக்குக் கண் இருக்கு" என்றார்.

கண்தானே என் பிழைப்பு, ஒசூர்க் கம்பெனியில் தர ஆய்வு வேலை. வார்ப்படத்தில் முடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்துவிடுவேன். மேடம் சொன்னது மனதுக்கு இதமாக இருந்தது. எங்கள் குழுவின் கிருஷ்ணப்பன் கணக்கெடுப்புச் செயலியில் அறுபத்தாறு பதிவு போட்டு முதலிடத்தில் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கிக்காரர். நான் அறுபத்து மூன்று.

17 செப்டம்பர், செவ்வாய்

இரண்டு நாள் மழை. கம்பெனி கேன்டீன் பின்னால் புல்வெளியில் வட்டமாக வெள்ளைக் காளான்கள், தட்டு அகலத்துக்கு. மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம். ஆறு படம் எடுத்துச் செயலியில் ஏற்றினேன். அது இரண்டு மூன்று பெயர்களைக் காட்டியது. உண்ணக்கூடிய குடைக்காளானின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். அறுபத்து நான்கு!

மேடம் கீழே எழுதியிருக்கிறார்: "ஸ்போர் அச்சு எடுத்தீர்களா?" குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஒரு இரவு விட்டால் ஸ்போரின், அதாவது காளான் வித்துத்தூளின் நிறம் தாளில் படியும். இன்றைக்கு அதற்கு எங்கே நேரம்? நாளை பார்க்கலாம்.

18 செப்டம்பர், புதன்

தோட்ட வேலை செய்யும் திம்மப்பன் அந்த வட்டத்தின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க போட்டோ எடுத்தீங்களே, இத திங்கலாங்களா? எங்கூர்ல புத்துக்காளான் திம்போம். இது புல்லுல மொளச்சிருக்குது, அதான் கேக்கறேன்."

"தாராளமா திங்கலாம்ணா. நல்ல காளான்."

துண்டு நிறையப் பறித்துக்கொண்டு போனார். மனைவி ரங்கம்மாவுக்குக் காளான் என்றால் உயிராம்.

19 செப்டம்பர், வியாழன்

திம்மப்பன் வரவில்லை. காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் நல்லுசாமியிடம் கேட்டேன். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில கெடக்கறாங்க சார். வாந்தி, பேதி. என்னமோ காளானத் தின்னாங்களாம்."

என்னமோ காளான்.

மிஞ்சியிருந்த இரண்டைப் பறித்துவந்து தாளில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நல்ல காளானுக்கு அச்சு வெள்ளை. வெள்ளையாகத்தான் இருக்கும். வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

20 செப்டம்பர், வெள்ளி

பச்சை. மங்கிய இலைப்பச்சை. நஞ்சுக் காளான்.

இது சின்னதில் பார்க்க அப்படியே நல்ல காளான் மாதிரிதான் இருக்கும், முற்றினால்தான் அடிமடிப்பில் பச்சை தெரியும். ஸ்போர் அச்சு எடுத்தால் ஒரே இரவில் தெரிந்துவிடும். மேடம் அதற்காகத்தான் கேட்டார்.

பதிவை அழித்துவிட்டேன். ஆறு படத்தையும். தாளைக் கிழித்துப் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை? போய் என்ன சொல்ல?

24 செப்டம்பர், செவ்வாய்

திம்மப்பன் வீட்டுக்கு வந்துவிட்டார். ரங்கம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். உடம்பில் நீர் வற்றி சிறுநீரகம் பழுதாகிவிட்டதாம். டயாலிசிஸ் வரைக்கும் போய்விட்டது.

நல்லுசாமி எங்கள் ஆய்வு மேசை அருகில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "கம்பெனிக்குள்ளருந்து எடுத்துட்டுப் போயிருக்கான். யார்ரா திங்கச் சொன்னதுன்னு கேட்டா, யாரும் சொல்லல, நானாத்தான் பறிச்சேங்கறான்."

என் கையில் அளவுமானி இருந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

30 செப்டம்பர்

கம்பெனிக்குள் பறித்ததற்காகத் திம்மப்பனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம்.

6 அக்டோபர், ஞாயிறு

கணக்கெடுப்புக்குப் போகவில்லை. மேடம் போன் செய்தார். "அந்தப் புல்வெளிக் காளான் பதிவக் காணோமே?"

"படம் தெளிவா இல்ல மேடம். எடுத்துட்டேன்."

பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது.

3 நவம்பர்

ரங்கம்மா வீடு திரும்பிவிட்டார் என்று நல்லுசாமி சொன்னார். இருவரும் சொந்த ஊரான வேப்பனப்பள்ளிக்கே போய்விட்டார்களாம்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பாசி மாதிரி உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"தப்பா பேர் வைக்கறது எல்லாருக்கும் நடக்கும். நானே வெச்சிருக்கேன். ஆனா அழிச்சீங்களே... அது இருந்திருந்தா, பேரத் திருத்தி, இது நஞ்சு, ஒசூர்ப் புல்வெளில மொளைக்குதுன்னு அன்னிக்கே எல்லாருக்கும் சொல்லியிருப்பேன். அக்டோபர்ல ஜூஜுவாடில மூணு பேர் இதையே தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, தெரியுமா?"

தெரியாது.

"பொழச்சுட்டாங்க" என்றார். என்னைப் பார்க்காமல்.

13 ஜனவரி

மனிதவளப் பிரிவில் கடிதம் கொடுத்தேன். திங்கச் சொன்னது நான்தான் என்று. படித்துவிட்டு அந்த அதிகாரி, "அது காண்ட்ராக்ட் ஆள் விஷயம், முடிஞ்சுபோச்சு. இத ஏன் இப்பக் கெளப்பறீங்க?" என்றார். சாயங்காலமே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். எனக்கு வேலை இருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

வேப்பனப்பள்ளி. திம்மப்பன் யாருடைய மாந்தோப்பிலோ மருந்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தி இறக்கி வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏண்ணா என் பேரச் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு வேல போயிரும்னு நெனச்சேன் சார்" என்றார். இயந்திரத்தின் வாரைக் கையில் எடுத்துக்கொண்டே, "எனக்குப் போவும்னு நெனைக்கல."

மறுபடி இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்கும் போனேன். ரங்கம்மா வாசலில் நின்றே பேசினார். இளைத்துப்போயிருக்கிறார், கால் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

உள்ளே போய்விட்டார். வெயிலில் சற்று நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறினேன்.

18 மே, ஞாயிறு

மழைக்கு முன் வேப்பனப்பள்ளியில் பெண்களுக்கு அடுத்த மாதம் ஒரு கூட்டம். நஞ்சுக் காளானைப் பற்றி. தெலுங்கில் பேச ஆள் வேண்டும் என்று மேடமே திம்மப்பன் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். திம்மப்பன் வரமாட்டேன் என்றாராம். ரங்கம்மா வருகிறேன் என்றாராம்.

"நீங்களும் வாங்க" என்றார் மேடம். அது அழைப்பாகத் தெரியவில்லை.

22 ஜூன், ஞாயிறு

பள்ளிக்கூட வராந்தாவில் நாற்பது பெண்கள் இருப்பார்கள். மேடம் படங்களைக் காட்டினார். பிறகு ரங்கம்மா எழுந்து தெலுங்கில் சொன்னார்: வாந்தி, பேதி, ஆஸ்பத்திரி, கையில் ஏற்றிய ஊசி, வேலை போனது. எனக்குத் தெலுங்கு அரைகுறைதான், ஆனால் எல்லாம் புரிந்தது. "படிச்சவர் ஒருத்தர் நல்ல காளான்னு சொன்னார், நம்பினோம்" என்றார். பெயர் சொல்லவில்லை. நான் இருந்த பக்கமே பார்க்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கோபமாகக் கேட்டாள்: "எவன்க்கா அந்தப் படிச்சவன்?"

ரங்கம்மா கையிலிருந்த படத்தைத் திருப்பினார்.

கடைசி வரிசையில் இருந்து எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். நாற்பது தலைகள் திரும்பின. அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

"உக்காருங்க சார்" என்றார் ரங்கம்மா, தமிழில். "நான் இன்னும் சொல்லி முடிக்கல."

உட்கார்ந்தேன். அவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, அடிமடிப்பின் பச்சையை விரலால் தொட்டுக் காட்டத் தொடங்கினார்.