நாலு காலும் தரையில்

மார்ச் 4
காலையில் துரையைக் காய்கறிச் சந்தைக்குக் கூட்டிப் போனேன். துரை அக்காவின் நாய். யார் சொன்னாலும் கேட்காது என்பதால் அவளே வைத்த பெயர். ஆளைக் கண்டால் நெஞ்சில் முன்னங்காலை வைத்து முகத்தை நக்காமல் விடாது. அக்கா வேலை முடிந்து கதவைத் திறந்ததும், "தள்ளிப் போடா" என்பாள். தள்ள மாட்டாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறாள். வலப்பக்கம் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. சோதனையில் தேறினால் நாயை உள்ளே விடுவார்களாம். நாலு காலும் தரையில் இருக்க வேண்டும். யார் மேலும் தாவக் கூடாது.

"காலமெல்லாம் லாரி ஓட்டினவன், ஒரு நாயை ஓட்ட முடியாதா?" என்றேன் அக்கா மகளிடம்.

"அந்த லாரியையும் பள்ளத்துலதானே மாமா நிறுத்தினீங்க."

பள்ளம்தான் குறுக்கே வந்தது. அதை யாரும் கேட்பதில்லை.

சந்தையில் துரை தக்காளிக் கூடைக்காரி மேலேயே தாவிவிட்டது. சாயங்காலம் அக்காவிடம், சந்தையே எழுந்து நின்று கைதட்டியது என்று சொன்னேன். பழைய அக்காவாக இருந்தால், "அளக்காதடா" என்றிருப்பாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11
பூங்காவில் நாய் பழக்குகிற ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தாள். தாவினால் முதுகைக் காட்டு. உட்கார்ந்தால் பிஸ்கட் கொடு. யாராவது "வா" என்ற பிறகுதான் கிட்டே விடு.

அது சாதாரண நாய்களுக்கு. நான் ஒரு படி மேலே போனேன். யாரைப் பார்க்கப் போகிறதோ அந்த ஆள் வாயால் "வா" சொன்னால் மட்டும்தான் போக வேண்டும். நானே சொன்னாலும் அசையக் கூடாது.

"அவ்வளவு எதுக்குங்க?" என்றாள். பொறாமை, வேறென்ன.

மார்ச் 19
பேருந்து நிலையம். ஹாரன், மூட்டை, அழுகிற பிள்ளைகள். துரை கண்டக்டர் முன்னால் போய் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தது. நான் "வா, வா" என்று கத்தியும் அசையவில்லை. அவர் "வாடா" என்றதும் போய் அவர் கைக்கு அடியில் தலையைக் கொடுத்தது. ஊரே கூடிவிட்டது. ஏழெட்டுப் பேர் இருக்கும். எனக்கு அது ஊர்தான்.

மார்ச் 26
தேறிவிட்டது. தலைமை நர்ஸே முன்னால் நின்று "வா" சொன்னார். பக்கத்தில் தட்டு வண்டி கவிழ்ந்தும் துரை திரும்பவில்லை.

"யாரு பழக்கினது?"

"அடியேன்தான்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம்.

மார்ச் 30
துரையை அக்காவிடம் கூட்டிப் போனேன்.

துரை ஓடிப் போய் அக்காவின் சக்கர நாற்காலி முன்னால் உட்கார்ந்தது. வால் தரையை அடிக்கிறது, உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனால் அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "வா... போ, போடா" என்றேன். நான் சொன்னால் கேட்காது. நான் பழக்கியதுதானே.

நாற்காலியைக் கிட்டே தள்ளினேன். அக்காவின் இடக்கை அதன் தலையில் பட்டது. அப்போதும் நக்கவில்லை. யாரோ ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருப்பது போல. அவள் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. அது "வா" இல்லை. கையை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எவ்வளவு ஒழுக்கம் பாருங்க" என்றார் நர்ஸ்.

பேச்சு போனவகிட்ட பேச்சு கேக்கப் பழக்கியிருக்கேனே... தினம் போய்ப் பாத்தவன்தானே நான்? ஒரு தடவகூடவா தோணல?

ஏப்ரல் 2
அக்காவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வீட்டில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயை இறுக மூடி, இடக்கையால் மடியைத் தட்டினேன். துரை உட்கார்ந்தே இருக்கிறது.

"வாய மூடிக்கிட்டு இருக்கிற மாமாவ இப்பதான் பாக்கறேன்" என்றாள் அக்கா மகள். சொல்லிவிட்டு அவசரமாக அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5
இன்றும் இல்லை.

ஏப்ரல் 9
தட்டினேன், வந்தது. இரண்டு காலும் என் நெஞ்சில். ஸ்வெட்டர் கிழிந்தது.

"அங்க போய் இப்படிச் செஞ்சா அப்புறம் உள்ளயே விடமாட்டாங்க மாமா."

தெரியும்.

ஏப்ரல் 13
அக்காவின் இடக்கையைப் பிடித்து அவள் மடியைத் தட்டிக் காட்டினேன். அடுத்த தட்டு அவளே தட்டினாள். துரை பாய்ந்தது. நாற்காலி சுவரில் இடித்தது. தண்ணீர் ஜாடி உருண்டது. மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் போனது. அக்கா முகத்தில் பாதி அசையவில்லை. மறுபாதி சிரித்தது. கையால் தள்ளுகிற மாதிரி செய்தாள். தள்ளவில்லை.

தலைமை நர்ஸ் ஓடிவந்தார். இனி இந்த நாய்க்கு வாசலோடு சரி என்று சொல்லிவிட்டார். "அன்னைக்கு அப்படி இருந்துச்சு. யாரு இதை இப்படிப் பழக்கினது?"

"தெரியலைங்க" என்றேன். "யாரோ அரைகுறை ஆளு."

ஏப்ரல் 20
துரையைக் கேட்டில் கட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். வரும் வழியில் நடந்ததை அளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். பிறகு இடக்கையால் மடியைத் தட்டினாள். நின்று, மறுபடியும் தட்டினாள்.

நான் கீழே உட்கார்ந்து அந்தக் கைக்கு அடியில் என் தலையைக் கொடுத்தேன்.