நாலு வாசல் அறை

இன்று காலை எங்கள் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி அமோனியா பாட்டிலைக் கை தவறிப் போட்டுவிட்டாள். வாடை குப்பென்று எழுந்ததும் பிள்ளைகள் இருமிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தரையைக் கழுவச் சொல்லிவிட்டு, ஓய்வறைக்கு வந்து உட்கார்ந்தேன். எரிச்சல் அடங்கிய பிறகும் கண்ணீர் நிற்கவில்லை. "மேடத்துக்கு ரொம்ப ஏறிருச்சு போல" என்று உதவியாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஆமாம் என்றேன். உன்னைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது?

விருதுநகர்ப் பக்கம் அந்தக் கல்லூரி விடுதியில் நாம் இருவரும் ஒரே அறை. நான் காரியாபட்டியில் நிலபுலன் உள்ள வீட்டிலிருந்து வந்தவள். நீ ஏழாயிரம்பண்ணை. உன் அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் போய் வந்து உன்னைப் படிக்கவைத்தார். வேதியியலை உன்னைப் போல ஆசையாகப் படித்த ஒருவரை இன்றுவரை நான் பார்க்கவில்லை. "எங்க ஆத்தா கையில ஒட்டியிருக்கிற பொடி என்னன்னு எனக்குத் தெரியணும்ல" என்பாய்.

நம் துறைத் தலைவர், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதற்குப் பெண்களை ஒவ்வொருவராக ஸ்டோர் ரூமுக்கு அழைப்பார். போய் வந்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தி குளியலறையில் அழுதுகொண்டிருந்தபோது நீதான் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டு வாங்கினாய். அன்றைக்கே விடுதியில் அறை அறையாகப் போய்ச் சொன்னாய்: "இனிமே ஒருத்தியும் தனியாப் போகக் கூடாது. ரெண்டு பேராத்தான் போகணும்."

முதல்வரிடமும் போனாய். கையெழுத்தை ஆய்வகத்திலேயே எல்லார் முன்னாலும் போடச் சொல்லுங்கள் என்று கேட்டாய். "படிக்க வந்தீகளா, சட்டம் போட வந்தீகளா?" என்று அவர் சிரித்தார். கேட்டது யார் என்பது மதியத்துக்குள் துறைத் தலைவர் காதுக்குப் போய்விட்டது.

நம் முறை வந்த அன்று சேர்ந்துதான் போனோம். "ஒருத்தி நோட்டைப் பாத்து ஒருத்தி எழுதியிருக்கீங்க. தனித்தனியா விசாரிக்கணும்" என்று என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. நான் கதவை அறைந்தேன், கத்தினேன். "விடுங்க சார், கைய எடுங்க" என்று உள்ளே உன் குரல். பிறகு கண்ணாடி உடையும் சத்தம். அவரே கதவைத் திறந்துகொண்டு இருமியபடி வெளியே ஓடிவந்தார். பின்னால் நீ, துப்பட்டாவால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, கழுத்தில் நகக் கீறலோடு. கைக்கு எட்டிய அலமாரியில் அமோனியாவைப் பெயர் பார்த்து எடுத்துத் தரையில் அடித்திருக்கிறாய். "பக்கத்துலயே ஆசிட் இருந்துச்சுடி. அத எடுத்திருந்தா அந்தாளு கண்ணு போயிருக்கும்" என்றாய். அந்த நேரத்திலும் அதை யோசித்தவள் நீ.

விசாரணைக் குழுவில் எல்லாரும் கல்லூரி ஆட்கள். தலைமை தாங்கிய பேராசிரியை என்னிடம் "அப்பா நல்லா இருக்காங்களா?" என்றார். உன்னிடம் "ஒங்க ஆத்தா எந்தக் கம்பெனி?" என்றார். கதவுக்கு வெளியே நின்று கேட்டதையெல்லாம் சொன்னேன். "கேட்டே, சரி. உள்ளே நடந்ததப் பாத்தியா? பாக்கலல்ல. நீ உன் படிப்பப் பாரும்மா." பிறகு உன் பக்கம் திரும்பினார். "தனியாப் போகக் கூடாதுன்னு ஊருக்கே சொன்னவ நீதானே? அப்ப தெரிஞ்சேதானே உள்ளே போனே?"

நீ அவரை நேராகப் பார்த்தாய். "போகலைன்னா கையெழுத்து இல்ல மேடம். கையெழுத்து இல்லைன்னா பரிட்சை இல்ல. நான் வேற எங்க போகணும், நீங்களே சொல்லுங்க."

நடந்தது தவறான புரிதல் என்று முடித்துவைத்தார்கள். ஆய்வகப் பொருளை உடைத்ததற்கு நடவடிக்கை உன்மேல் வந்தது. போலீசுக்குப் போவோம் என்றேன். அதற்குள் முதல்வர் உன் அம்மாவை அழைத்து, "கேஸுன்னு போனா ஒங்க புள்ளைய நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று கேட்டுவிட்டார். அம்மா மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு உன் பெட்டியைத் தூக்கினார்.

"இந்தப் படிப்பு வேணாம் தாயி" என்று என்னிடம் சொன்னார். "எங்க கம்பெனியில ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். எல்லாம் தெறந்தே கெடக்கும். சுத்தியும் பொம்பளைக. எம் பக்கத்துலயே உக்காந்திருப்பா. ஒரு பய கிட்ட வர முடியாது."

நீ பஸ் ஏறும்போது, "புதுசா வர்ற புள்ளைககிட்டச் சொல்லிருடி" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

அந்தத் தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்ததால் அறைக்குள் அளவுக்கு மீறி ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். வாசல்களை அடைத்து, மருந்து நிரப்பிய வெடிகளை அடுக்கியிருந்தார்களாம். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் அந்த அறையே இல்லை. உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறந்து பார்க்க விடவில்லை.

துறைத் தலைவர் பிறகு முதல்வரானார். மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். ஒரு ராத்திரி தூக்கம்கூட அவருக்குக் கெட்டிருக்காது.

இப்போது நான் வேலை பார்க்கும் கல்லூரியில் ஸ்டோர் ரூம் கதவில் கண்ணாடி வைக்கச் செய்திருக்கிறேன். ரெக்கார்டு கையெழுத்து ஆய்வக மேசையில்தான். புகார்க் குழுவில் வெளியாள் ஒருவர் உண்டு. இதற்கெல்லாம் சண்டை போட்டதில் எனக்குப் பிரச்சினைக்காரி என்று பெயர். முதலாண்டுப் பிள்ளைகளிடம் முதல் நாளே நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். அதையும் மீறி ஏதாவது நடந்தால் தப்பு உங்களுடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். உனக்கு அதைச் சொல்ல அந்தக் குழுவில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

போன மாதம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். இன்னும் கம்பெனிக்குத்தான் போகிறார். காது சரியாகக் கேட்பதில்லை. என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"தாயி, நீ படிச்ச புள்ள. நீயே சொல்லு. அவள அங்கனயே விட்டுருந்தா அந்தாளு கொன்னா போட்டிருப்பான்? உசுரோடயாவது இருந்திருப்பால்ல? நாந்தான கூட்டியாந்தேன்."

"இல்லம்மா" என்றேன், அவர் காதருகே, சத்தமாக.

எதை இல்லை என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் அந்தப் பார்வை என்னோடு வருகிறது.