உள்ளே விட்ட துணி

ரியோ, 24 ஜூலை 2016

அன்புள்ள அண்ணிக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாக வந்து சேர்ந்தேன். ஒலிம்பிக்ஸ் அரங்கில் முதலுதவிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருஷம் நர்ஸாக இருந்தது வீண் போகவில்லை. வீட்டுக்கார அம்மா மார்லீ நேற்று கறுப்பு பீன்ஸில் பன்றியிறைச்சி போட்டு ஃபெய்ஜுவாடா என்று ஒரு குழம்பு வைத்தாள். தெருவே வந்து சாப்பிட்டது. நான் வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டேன்.

ஒரு விஷயம். அடுத்து வரும் பாராலிம்பிக்ஸுக்கும் இருக்கச் சொல்கிறார்கள். லியோனல் கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டொரத்தி

கிள்ளான், மலேசியா, 30 ஜூலை 2016

அன்பு டொரத்தி,

ஃபோனில் பேசினால் திட்டிவிடுவேன், அதனால்தான் மெயில்.

யாரிடம் கதை விடுகிறாய்? பூச்சோங் கல்யாணத்தில் ஒருத்தி உன் தட்டைப் பார்த்து, "ஆன்டி, இன்னுமா? போதும் லா" என்றாளே, அன்றிலிருந்து நீ எந்த விருந்துக்கும் வந்ததில்லை. போட்டோ எடுத்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறாய். உன்னைப் பிரேசிலுக்குப் பிடித்துத் தள்ளியதே நான்தான். நாலு பேரோடு சிரித்துப் பேசட்டும் என்று அனுப்பினேன், என் மகன் கல்யாணத்திலிருந்து ஒளிந்துகொள்ள அல்ல. அவனைக் கைபிடித்து நடக்க வைத்தவள் நீ. கோயிலில் முதல் வரிசை உனக்குத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் உனக்குப் பச்சைப் பட்டு எடுத்துவிட்டேன். ரவிக்கைக்கு அளவு அனுப்பு. பழைய அளவு வேண்டாம்.

உன் அண்ணி,
செரீனா

ரியோ, 16 ஆகஸ்ட் 2016

அன்புள்ள அண்ணி,

இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தில்தான். நீங்கள் சொன்னது உண்மை என்ற கோபம்.

போன வாரம் மார்லீ என்னை ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போனாள். வேண்டியதை நாமே தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். காசு கட்டும் இடத்தில் ஒரு தராசு. அதைப் பார்த்ததும், கிளினிக்கில் செய்வதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டேன் அண்ணி! கடைக்காரன் திருதிருவென்று விழித்தான். "உன்னை யார் நிறுக்கிறார்கள்? தட்டைத்தான் நிறுப்பார்கள். சாப்பாட்டு எடைக்குத்தான் காசு" என்றாள் மார்லீ. சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தேன். பிறகு உட்கார்ந்து, வைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இங்கேயும் எடைக் கவலை இல்லாமல் இல்லை. மார்லீயே ஃபெய்ஜுவாடாவோடு சர்க்கரையில்லாத கோலாதான் குடிக்கிறாள்.

சாப்பிடும்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். என் ரவிக்கை இறுகும்போதெல்லாம் கொக்கி தைக்கவென்று உங்களிடம் கொடுப்பேன். திரும்பி வரும்போது சரியாக இருக்கும். ஒரு வார்த்தை கேட்டதில்லை நீங்கள். பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடிந்திருக்கும் துணியை வெளியே விட்டுத் தைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்தேன். இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: ரொம்ப நன்றி அண்ணி.

பாராலிம்பிக்ஸுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். மார்லீ வாசலில் நிற்க வைத்து டேப் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி அளவு சொன்னாள். மார்பு நாற்பத்தெட்டு, இடுப்பு நாற்பத்தாறு, கை பதினெட்டு. ஒரு இஞ்சுகூடக் குறைத்து எழுதவில்லை.

உங்கள்
டொரத்தி

கிள்ளான், 20 ஆகஸ்ட் 2016

டொரத்தி கண்ணு,

மெயிலை உன் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்து போனார்.

ரவிக்கை தைத்தாயிற்று, நீ சொன்ன அளவுதான். ஆனாலும் பழக்கம் விடுமா? பக்கத்தில் இரண்டு விரல் துணி உள்ளே விட்டிருக்கிறேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார். பிரியாணி இரண்டாம் தடவை வரும்போது தட்டை நீட்டு.

அண்ணி