ஜப்பானில் பிறந்த கடற்கரை

பாம்பனில் புதுப் பாலம் கட்டி மறுபடியும் ரயில் ஓடத் தொடங்கிய வருசம் உன் பேத்தி பிறந்தாள். நீ போனதோ, பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டு, ராமேஸ்வரம் போகிறவர்களையெல்லாம் மண்டபத்தோடு இறக்கிவிட்டுக்கொண்டிருந்த வருசம். இடையில் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துதான் தெரியாதே தவிர, ஒன்றும் மறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

போன வாரம் தபாலில் ஒரு காகிதம் வந்தது. உன் மகன் முனியசாமி ஜப்பானிலிருந்து அனுப்பியிருக்கிறான். விரித்ததும் வீடெல்லாம் விளக்குக் கரி வாசனை. அந்த ஊர் மை அப்படித்தான் மணக்குமாம். பிள்ளை பிறந்தால் பெயரைத் தூரிகையால் பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டுவார்களாம். எழுத்து மேலிருந்து கீழே இறங்குகிறது. தமிழ் எழுத்தே தெரியாதவனுக்கு ஜப்பான் எழுத்து மட்டும் என்ன கஷ்டம்? இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகுதான் நெஞ்சில் இருந்த ஒரு பாரம் இறங்கியது.

உன் தாத்தா பெயர் கடற்கரை. உன் அய்யா முனியசாமி. நீ மறுபடியும் கடற்கரை. உன் மகன் மறுபடியும் முனியசாமி. அடுத்து வர வேண்டியது கடற்கரை. கரைக்கு வரும் அலை மாதிரி இது ஒன்று விட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும் என்று நீ இருந்துவிட்டாய். பிறகு உன் மகன் ராமநாதபுரத்தில் வெல்டிங் படித்தான், கப்பல் கட்டும் வேலைக்கு ஜப்பான் போனான், அங்கேயே அவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நீ கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஏலே சேது, அவன் அந்த ஜப்பான் புள்ளையத்தான் கட்டுவான் போல. கட்டட்டும். பேரு வந்திருமாலே?"

"வந்திரும்."

"எப்படி வரும்?"

"வரும்னா வரும். பேசாமப் படு மாப்ள."

எப்படி வரும் என்று எனக்கும் தெரியாது. நீ கண்ணை மூடிக்கொண்டாய். அந்த வார்த்தையை நம்பித்தான் நீ போனாய் என்று எனக்குள் ஒரு முள் கிடந்தது.

உன் பெயர் அங்கே ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது என்பது வேறு கதை. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அய்யா பெயரைப் போட்டுவிட்டார்கள். ஜப்பானில் எல்லாரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். அதனால் பட்டறையில் உன் மகன் 'கடற்கரை சான்' ஆகிவிட்டான்; சான் என்பது மரியாதைக்குச் சேர்ப்பதாம். 'கராய்' என்றால் அங்கே காரம் என்று வேறு கேலியாம். அதைக் கேட்டு நீ போனிலேயே சத்தம் போட்டாய். "அங்கன நாந்தான் வேல பாக்குறேனாக்கும்! அப்பச் சம்பளத்த எனக்கு அனுப்பச் சொல்லு!"

நீ போன மறுவருசம் கல்யாணம். பெண் பெயர் ஹருகா. அவளுடைய குடும்பப் பெயர் ஹமாதா. அதற்குக் கடலோரத்து வயல் என்று பொருளாம். அவர்கள் குடும்பப் பெயர்கள் பாதிக்கு மேல் இப்படித்தான், வயல், ஆறு, மலை, காடு என்று முன்னோர் இருந்த இடத்தைச் சொல்லுமாம். நம் ரோட்டில் ஓடும் மோட்டார் வண்டிகளின் பெயர்கூட அங்கே யாரோ ஒருவருடைய குடும்பப் பெயர்தானாம். குடும்பப் பெயரை முதலில் சொல்லி, பிள்ளைக்கு வைத்த பெயரைப் பிறகு சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன கொஞ்ச மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால், ஹருகா புருசனுடைய குடும்பப் பெயரைத் தன் பெயராக மாற்றிக்கொள்ளலாம் என்று முனியசாமி சொன்னான். எனக்குச் சந்தோசம். "அப்ப மாத்திரு மருமகனே, பொறக்குற புள்ளயெல்லாம் கடற்கரைதான்" என்றேன்.

உன் பெண்டாட்டி காளியம்மாள் பாய்ந்துவிட்டாள். "அண்ணே, ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எம்மருமக தன் பேரச் சொல்லும்போதெல்லாம் மாமனார் பேரச் சொல்லணுமா? வெளங்குமா குடும்பம்?"

காளியம்மாள் உன் பெயரைச் சொன்னதில்லை என்பது இருக்கட்டும். கடற்கரை என்ற சொல்லையே கல்யாணத்தன்றைக்கே நாக்கிலிருந்து எடுத்துப்போட்டவள் அவள். மீன் வாங்கப் போனால் 'தண்ணிப் பக்கம் போயிட்டு வாரேன்' என்பாள். நீயும் சும்மா இருந்தவனா? "எந்தத் தண்ணிப் பக்கம்? கொளமா, கண்மாயா? பேரச் சொல்லு" என்று அவளை வம்புக்கு இழுப்பாய். "அங்கனதான், போங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ரேஷன் கடையில் புருசன் பெயர் கேட்டால், அதைச் சொல்வதற்காக நான் கூடப் போக வேண்டும். மகனுக்கு மாமனார் பெயர் என்பதால் அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடைசி வரை 'ராசா'தான்.

குடும்பப் பெயர் பேச்சு அதோடு முடிந்தது. ஹருகாவும் ஹமாதாவாகவே இருந்துவிட்டாள். பிறக்கும் பிள்ளையும் ஹமாதாதான் என்று ஆனது. மிச்சம் இருந்தது வைக்கிற பெயர் ஒன்றுதான்.

பிறந்தது பெண். காளியம்மாள் பரமக்குடிச் சோசியரிடம் போய்க் கேட்டுவந்தாள்; 'க'வில் ஆரம்பிக்கச் சொன்னாராம். ஜப்பானில் பெண்பிள்ளைப் பெயருக்குக் கடைசியில் 'கோ' வரும் என்று நான் எங்கேயோ கேட்டிருந்தேன். இரண்டையும் சேர்த்து, "கடக்கோன்னு வையி" என்றேன். போனில் உன் மகன் சிரித்த சிரிப்பில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"மாமா, அப்படி ஒரு பேரு இந்த நாட்டுலயே கெடையாது. சத்தம் ஜப்பான் மாதிரி இருந்தாப் போதாது. எழுத்து வேணும், எழுத்துக்குப் பொருள் வேணும். பேருக்கு இன்ன எழுத்துத்தான் எழுதலாம்னு கவர்மெண்டு சொல்லியிருக்கு. எழுத்துல கோடு எத்தனைன்னு எண்ணி ராசி பாக்குறவங்களும் இருக்காங்க. இல்லாத பேர வச்சா, பள்ளிக்கூடத்துல புள்ள காலம் பூரா வெளக்கம் சொல்லிக்கிட்டே நிக்கணும். நான் இங்கன படுறது போதும்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அய்யா பேரு இதுல வராது மாமா. விட்ருங்க."

நான் விட்டுவிட்டேன். நீ கண்ணை மூடிய முகம்தான் என்னை விடவில்லை. இரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிய வேண்டுமாம். நாள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் போனில் படத்தோடு பேசினார்கள். நானும் உன் வீட்டில் இருந்தேன். பிள்ளையைக் காட்டிக்கொண்டிருந்த ஹருகா, திடீரென்று காளியம்மாளைப் பார்த்து ஏதோ கேட்டாள். முனியசாமி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான். "அம்மா, அய்யா பேருக்கு என்ன பொருள்னு கேக்குறா. அது வெறும் பேருன்னுதான் நான் சொல்லிவச்சிருந்தேன். பொருள் இல்லாம ஒரு பேரு எப்படி இருக்கும்னு கேக்குறா. அத்தையே சொல்லட்டும்கிறா."

காளியம்மாள் சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள். ஹருகாவின் முகம் வாடிவிட்டது. 'அத்தைக்குக் கோவமா' என்று அவள் கேட்டது எனக்கே புரிந்தது. அந்த மூன்று நாலு வார்த்தை தமிழ் அவளுக்கு வரும். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க. எங்கிட்டத்தான கேட்டுச்சு" என்று எழுந்தாள் உன் பெண்டாட்டி.

போனைக் கையில் பிடித்தபடி வாசலைத் தாண்டி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். காய்கிற வலையைச் சுற்றி, இழுத்துப் போட்ட வள்ளங்களைத் தாண்டி, மணல் ஈரமாகும் இடத்தில் போய் நின்றாள். போனைத் திருப்பிக் கீழே காட்டினாள். ஒரு அலை வந்து அவள் காலை நனைத்துவிட்டுப் போனது. அது போன ஈரத்தை விரலால் சுட்டினாள். "இந்தா, இதான். இதாம்மா அவுக."

பிறகு ஹருகா மெதுவாக ஒரு சொல்லைச் சொன்னாள். "நாகிசா."

உன் மகன் அழுதுகொண்டே சிரித்தான். "மாமா, அலை வந்து தொட்டுட்டுப் போற எடத்துக்கு இவங்க வார்த்தை அது. அதுக்குன்னு ஒரே ஒரு எழுத்து இருக்கு. பேராவும் வைப்பாங்க. ஆம்பளைக்கும் வைக்கலாம், பொம்பளைக்கும் வைக்கலாம். எனக்கு இது தோணவே இல்ல மாமா. பேரோட சத்தத்தையே தேடிக்கிட்டிருந்துட்டேன்."

சோசியர் சொன்ன எழுத்து இல்லையே என்று கேட்க நான் துணியவில்லை. காளியம்மாளும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவளுக்கு வேறு கவலை.

"அண்ணே, அது அவுக பேருதான?"

"ஆமா தங்கச்சி."

"அப்ப நான் சொல்லலாமா?"

"அது ஒம்பேத்தி பேரு. தாராளமாச் சொல்லு."

முந்தியால் பாதி வாயை மூடிக்கொண்டு, வள்ளத்து மறைவில் நின்று, "நாகிசா" என்றாள். நாலா பக்கமும் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். இப்போது தினமும் போனில் அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் என் வீடு வரை கேட்கிறது. இத்தனை வருசம் உனக்குக் கிடைக்காதது, மாப்பிள்ளை. கேட்டுக்கொள்.

காகிதத்தைக் கண்ணாடி போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. ஆஸ்பத்திரியில் நான் சொன்ன சொல்லை எங்கிருந்தோ வந்த ஒரு பெண் காப்பாற்றிவிட்டாள். இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது.

எனக்கு நினைவு தெரிந்து இந்தக் கரையில் மூன்று கடற்கரைகள் இருந்தார்கள். உன் தாத்தா, நமக்கு விவரம் தெரியும்போதே கிழவர். தங்கச்சிமடத்தில் உன் பெரியப்பா மகன் ஒருவன், அவனும் போய்ச் சேர்ந்தான். பிறகு நீ. இன்றைக்கு உயிரோடு இருக்கிறவள் ஒருத்திதான். அவள் பெயர் ஹமாதா நாகிசா.