குறுக்கே படுக்க ஒரு மெத்தை

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட உள்ள தளபாடக் கடைக்கு நேற்று மகளுடன் போயிருந்தேன். புது மெத்தையின் பொலித்தீன் மணம் வாசலிலேயே வந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "கலியாண வீட்டுக்கோ அக்கா?" என்று கேட்டார். எனக்கு உம்முடைய முகம்தான் நினைவுக்கு வந்தது.

உம்மையும் அப்படித்தானே கேட்டார்கள்! கந்தோரில் வேலை முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஏறி இறங்காத கடை உண்டா? நாற்பது கடந்த வயதில், கலியாணம் கட்டாமல், சொந்தச் சம்பளத்தில் பெரிய மெத்தை வாங்க வந்த பெண்ணை ஒரு கடைக்காரருக்கும் விளங்கவில்லை. "மாப்பிள்ளை வெளிநாடோ?" என்றார் ஒருவர். நீர் சளைக்காமல், "ஓம், இன்னும் பிளேன் ஏறேல்லை" என்றீர். வெளியே வந்து விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் திரும்பினீர்.

"எனக்கு ஒருக்கா குறுக்காலை படுக்கவேணும், அவ்வளவுதான். ஒற்றைக் கட்டில்லை சுருண்டு கிடந்தது காணும், போதுமப்பா" என்பீர்.

கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், என்னுடைய போனில் ஒன்லைனில் ஓடர் போட்டீர். "உதுக்கு வாயில்லை. ஆருக்கு எண்டு கேளாது" என்று எவ்வளவு சந்தோஷம் உமக்கு! கட்டிலும் மெத்தையும் உம்முடைய தொண்டைமானாற்று வீட்டுக்கு டெலிவரி வானில் வந்து இறங்கின.

அதே கிழமை, சந்நிதி கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து உம்முடைய அண்ணை குடும்பத்தோடு வந்தார். மெத்தை போட்ட அறை அவர்களுக்குப் போனது. அதில் எனக்குக் கோபமில்லை; வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு நல்லதைக் கொடுக்காத வீடு இங்கே எங்கே இருக்கிறது? அவர்கள் போனபிறகு உம்முடைய அம்மா அந்த அறையைப் பூட்டினாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "படுத்துப் பழுதாக்காதை பிள்ளை. அடுத்த முறை அண்ணை வந்தால் எங்கை படுக்கிறது?" என்றாராம். நீர் மறுபடியும் ஹோலில், அதே ஒற்றைக் கட்டிலில்.

"அம்மாட்டை அறைத் திறப்பை வாங்கிப் போய்ப் படுமன்" என்று உம்மிடம் எத்தனை தரம் கத்தியிருப்பேன்.

"அம்மா வயசுபோன மனிசி. பாப்பம், மெத்தை எங்கை ஓடப்போகுது" என்பீர்.

மெத்தை ஓடவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீர்தான் திரும்பி வரவில்லை.

செத்தவீட்டுக்கு அண்ணை தனியே வந்தார். அவருக்காக அறையைத் திறந்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவன்று காலையில் தேத்தண்ணி கொடுக்கப் போனேன். "நல்ல மெத்தை. தங்கச்சி எனக்கெண்டு பாத்துப் பாத்து வாங்கியிருக்கிறாள்" என்று கண் கலங்கினார். என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அது அவ தனக்கெண்டு வாங்கினது அண்ணை. ஒரு நாளும் படுக்கேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? நான் பாயிலை படுத்திருப்பனே" என்றார்.

படுத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான். அது உமக்கும் தெரியும்.

உம்மிடம் கேட்கவேண்டிய கேள்வியை அவர் என்னிடம் கேட்டார்.