கால் அங்குலத் துவாரம்

என் அன்பு மகனுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், என் மனசைத் தவிர. இன்று காலை எழுந்ததும் பல் கூடத் துலக்காமல் நான் செய்த முதல் வேலை, கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, உன் கொள்ளுத்தாத்தா கையால் செய்த அந்தப் பித்தளை வால்வை எடுத்து, உன் பள்ளிக்கூட அளவுகோலை அதன் வாயில் வைத்துப் பார்த்ததுதான். நீராவி வெளியேறும் துவாரம் அரை அங்குலம். மூன்று முறை அளந்தேன், அரை அங்குலமேதான். நீ எனக்கு அனுப்பிய காப்புரிமைப் படத்தில் அது கால் அங்குலம். நீயும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான், கண்காட்சியில் பற்றவைத்துக் காட்டப்போகிற கொதிகலனுக்கு வால்வு செய்திருக்கிறாய்.

கண்காட்சியில் கொள்ளுத்தாத்தாவின் புகைப்படத்துக்குக் கீழே எழுத நாலு வரி தேடித் தா என்று நீ கேட்டதால்தானே நான் ஆவணக் காப்பகத்துக்கே போனேன். அவருடைய கம்பெனிக் காகிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அங்கிருந்த குமாஸ்தா, "இந்தப் பெட்டியத் தொட்ட முதல் ஆள் நீங்கதாம்மா, தும்மல் வந்தா அரசாங்கம் பொறுப்பில்ல" என்று சிரித்தார், நானும் சிரித்தேன், அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு. பட்டறைக் குறிப்பேட்டில் அவர் கைப்பட எழுதியிருக்கிறார், துவாரம் அரை அங்குலம், காப்புரிமைத் தாளில் கால் என்றே போட்டாயிற்று, திருடுகிறவன் செய்து பார்த்து ஏமாறட்டும் என்று. அதே பெட்டியில் ஒரு சாயப்பட்டறைக்காரர் எழுதிய கடிதமும் இருந்தது. படத்தைப் பார்த்து வால்வைச் செய்துவிட்டோம், ஆவி போக வழியில்லாமல் கொதிகலன் வெடித்து நெருப்புப் போடுகிற ஆளும் அவன் தம்பியும் போய்விட்டார்கள், அளவில் எங்கே பிழை, தயவுசெய்து சொல்லுங்கள் என்று. கடிதத்தின் ஓரத்தில் கொள்ளுத்தாத்தா பென்சிலால் இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறார்: பதில் வேண்டாம்.

நேற்று போனில் இதையெல்லாம் சொன்னபோது, "அம்மா, நீ சும்மா பயப்படாத, படத்துல இருக்கறபடி ஒரு நூல் பிசகாம செஞ்சிருக்கேன்" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் கண்ணா என்னைத் தூங்கவிடவில்லை. பிசகியிருந்தால் கூடப் பிழைத்துப் போயிருக்கும். உன் தாத்தாவிடம் சொன்னேன், அவர் செய்தித்தாளை இறக்காமலே, "எங்கப்பா பேருக்கு நீதான் கரி பூசணுமா, பேசாம இரு" என்றார். உன் அப்பா, "அவன் இஞ்சினியர், நீ வரலாறு படிச்சவ" என்றார். வரலாறு படித்ததால்தான் பயமாக இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும், சின்ன வயசில் தொடாதே என்று சொன்ன இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுவாய். குறிப்பேட்டுப் பக்கத்தையும் அந்தக் கடிதத்தையும் நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, அவசரப்படாமல் படி. உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண்ணிடமும் காட்டு, அவளாவது சொன்னால் கேட்பாய்.

நாலு வரி இன்னும் எழுதவில்லை. பேனாவை எடுத்தால் அந்த இரண்டு பேரும் முன்னால் வந்து நிற்கிறார்கள், பதிலுக்குக் காத்துக்கொண்டு.

நீ நூறு வயசு இருக்கவேண்டும், உன் கையில் ஒரு சூடு கூடப் படக்கூடாது. நான் சொன்னதை மறக்காதே, நெருப்பை மட்டும் வைத்துவிடாதே.

வால்வைத் திரும்ப அலமாரியில் வைக்கவில்லை. புடவையில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் இன்னும் கவனிக்கவில்லை. டிக்கெட் எடுத்தது உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் வந்துவிடுவேன். அதற்குப் பிறகும் பற்றவைத்தே தீருவேன் என்று நீ சொன்னால், அந்தக் கொதிகலனுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன், பற்றவை.

உன் அம்மா